நைலான் நரம்பு

ரஹீமுன்னிசா அந்தப் பூனையை முதலில் பார்த்தது அவள் இத்தாவில் உட்கார்ந்த முப்பத்தெட்டாவது நாள். இத்தா என்பது கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருக்கும் காலம். கூட்டிப் பார்த்தால் நூற்று முப்பது நாள். புழல் சிறையில் இருப்பவனுக்குக்கூடக் காலையில் கொஞ்ச நேரம் திறந்தவெளியில் நடக்கக் கிடைக்கும். ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், ஒன்றரை அறை வீட்டில் இருந்த ரஹீமுன்னிசாவுக்கு அதுவும் கிடையாது.

உண்மையைச் சொன்னால், முதல் மாதம் அவளே அந்த அடைப்பை விரும்பினாள். யார் முகத்தையும் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கணவர் பஷீர் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். எண்ணூர் சாலையில் லாரி வரிசையில் நின்ற இரண்டாம் நாள் மதியம், முன்னால் வண்டிகள் நகர்ந்தும் அவர் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் கால்மணி நேரம் ஹாரன் அடித்துக் களைத்து, திட்டிக்கொண்டே ஏறிப் பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்தொன்பது வயது மனிதனை நாற்பது மணி நேரம் சோறு தண்ணீர் கக்கூஸ் இல்லாமல் வெயிலில் நிறுத்தி வைத்தது எது என்று அந்தக் காகிதத்தில் எழுத இடம் இல்லை.

அதனால் முதல் மாதம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டாவது மாதத்தில்தான் சுவர் அவளைப் பார்க்கத் தொடங்கியது.

காவலுக்கு வந்தவள் ஜுலைகா, பஷீரின் அக்கா. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். வயது ஐம்பத்தெட்டு. அவளும் இளம்வயதில் புருஷனைப் பறிகொடுத்து இத்தா இருந்தவள்தான். மார்க்கம் சொன்னது கொஞ்சம், ஜுலைகா சேர்த்தது மிச்சம். முன் ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டினாள். டிவிக்குப் போர்வை போர்த்தினாள். ஆம்பிளைக் குரல் கேட்கும் என்று செல்போனை ரஹீமுன்னிசாவின் மகன் தவ்ஃபீக்கிடம் கொடுத்துவிட்டாள். தண்ணீர் கேன் போடுகிறவன் கதவைத் தட்டினால் ரஹீமுன்னிசா அடுப்படிக்குள் ஒதுங்க வேண்டும். பார்க்க வந்த ரஹீமுன்னிசாவின் தங்கையுடைய பத்து வயது மகனைக்கூட வாசலிலேயே பிஸ்கட் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

இதைப் படித்துவிட்டு வேறு மதத்துக்காரர் யாரும் சிரிக்க வேண்டாம். அடுத்த தெருவிலேயே வளையலை உடைத்து, பூவைப் பிடுங்கி, நல்ல காரியத்துக்கு எதிரில் வராதே என்று ஆயுளுக்கும் ஒதுக்கி வைத்த பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். பெண்டாட்டி செத்த ஆம்பிளைக்கு மட்டும் எல்லா மதத்திலும் மூன்றாம் நாளே டீக்கடை பெஞ்சில் இடம் போட்டு வைத்திருக்கிறது.

ஜுலைகா மூடாமல் விட்டது அடுப்படி ஜன்னல் ஒன்றைத்தான். அதற்கு வெளியே எந்த ஆம்பிளைக்கும் வேலையில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றடி அகலச் சந்து. எதிரே சுவர், ஒரு கழிவுநீர்க் குழாய், மேலே அண்ணாந்தால் ஒரு முழம் வானம். சந்தின் ஒரு முனை அடைசுவர். மறுமுனை தெருவில், தேவகிருபையின் மளிகைக்கடைப் பக்கவாட்டில் திறக்கும். அங்கே காலி குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்தச் சந்தில்தான் பூனை வந்தது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் திட்டுத் திட்டாக. பாதி வளர்ந்த குட்டி, ஆறு மாதம் இருக்கலாம். கழுத்தில் ஏதோ பச்சையாக மின்னியது. யாரோ மணி கட்டி வளர்க்கிறார்கள் என்றுதான் ரஹீமுன்னிசா முதலில் நினைத்தாள். இரண்டு நாள் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அது தூண்டில் நரம்பு, மீன் பிடிக்கிறவர்களின் நைலான் கயிறு. துறைமுகத்தில் குவித்துக் கிடக்கும் வலைக் கழிவில் தலையை விட்டு, இழுத்து அறுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். மீனையே தப்ப விடாத நரம்பு அது. தானாக அறுந்து விழாது.

குட்டி வளரும், நரம்பு வளராது.

அவளிடம் அதற்கான கை இருந்தது. பதினாறு வருஷம் பழைய வண்ணாரப்பேட்டையில் குழந்தைகள் உடை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். தப்பாக விழுந்த தையலைப் பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. நூல் கட்டரின் நுனியைத் துணிக்கும் நூலுக்கும் நடுவே விட்டு ஒரு வெட்டு வெட்டினால், துணியில் ஒரு கீறல் இருக்காது. நரம்புக்கும் தோலுக்கும் நடுவே அந்த நுனி போனால் போதும். ஆனால் துணி ஓடாது. இந்தப் பூனை அவள் மூச்சு விட்டாலே ஓடியது.

முதல் நாள் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு காரப்பொடி மீனை எறிந்தாள். எறிந்த கையைப் பார்த்தே அது குழாய் வழியாக ஏறி மறைந்தது. அடுத்த நாள் எறியாமல், ஜன்னலின் சிமெண்டுத் திட்டில் வைத்துவிட்டு நகர்ந்தாள். சாயங்காலம் மீன் இல்லை. தின்றது பூனையா காக்கையா என்று தெரியவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு மீனை வைத்துவிட்டு அடுப்படியின் அந்தக் கோடியில் தரையில் உட்காரத் தொடங்கினாள். நேராகப் பார்த்தால் அது வராது என்று கண்டுகொண்டாள். பார்க்கிற பார்வையே பிடிக்க வருகிற மாதிரி அதற்குப் பட்டது. அதனால் வெங்காயம் உரிக்கிற மாதிரி தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்த்தாள். அது திட்டில் குதித்து, மீனைக் கவ்வி, கீழே இறங்கித் தின்றது. விழுங்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டது. நரம்பு அப்போதே தொண்டையில் தொட ஆரம்பித்திருந்தது.

தினமும் ஒரு சாண் தூரம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் அவசரப்பட்டு இரண்டு சாண் நகர்ந்ததற்கு அது நான்கு நாள் வரவில்லை. அந்த நான்கு நாளும் அவள் அந்த ஒரு முழ வானத்தை வெறித்துக்கொண்டு, தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது பழைய இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தாள். வெளியே இருக்கிற யாருக்கு இவ்வளவு நேரம் இருக்கிறது? பூட்டி வைத்தவர்கள் அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து அந்த நேரம்தான்.

பூனைக்கென்று மீனும் மீன் தலையும் கொண்டுவந்து கொடுத்தது மளிகைக்கடைத் தேவகிருபை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு போகாதவள். புருஷன் செத்த பதினேழாம் நாள் கடையைத் திறந்தவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர். அதைச் சிலர் பாராட்டாகவும் பலர் வசையாகவும் சொன்னார்கள்.

ஒரு நாள் அவள் தலைகளைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் நின்று பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஜுலைகா உள்ளே வந்தாள். இவ்வளவு நாள் எலியைப் பிடிக்கத்தான் மீன் வைக்கிறாள் என்று நினைத்திருந்தாளாம். பூனையைக் கண்டதும் முகம் மாறியது.

“இது கடுவனா பொட்டையா?” என்றாள்.

ரஹீமுன்னிசாவுக்குக் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஜுலைகா விளையாடவில்லை. இத்தாவில் இருக்கிறவள் மேல் ஆண் வாடையே படக்கூடாது என்று அவள் மாமியார் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவள் இத்தாவில் இருந்தபோது கொல்லையில் திரிந்த சேவலைக்கூடப் பிடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்து விட்டார்களாம். அப்படி எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை என்பது ஜுலைகாவுக்கு யாரும் சொல்லாத சங்கதி.

“மூணு கலரு பூனை பொட்டையாத்தான் இருக்கும், ஜுலைகாக்கா,” என்றாள் தேவகிருபை. “நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது. எங்கூர்ல பச்சப்புள்ளயக் கேட்டாலும் சொல்லும்.”

“அந்த மிச்சம் ஒண்ணு இதுவா இருந்தா?”

“அப்ப நீங்களே வாலத் தூக்கிப் பாத்துச் சொல்லுங்க.”

ஜுலைகா பார்க்கப் போகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே ஜன்னலில் ஒரு தகரத்தைக் கட்டிவிட்டாள். அடுப்படி இருண்டது. மூன்று நாள் ரஹீமுன்னிசா பகலிலேயே விளக்குப் போட்டுச் சமைத்தாள். தகரத்துக்கு அப்பால் பூனை சுரண்டுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். தவ்ஃபீக் ரிச்சி தெருவில் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். கையிலிருந்த போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மூன்று நிறம் இருந்தால் பெண்தான், அபூர்வமாகத்தான் ஆண் என்று அத்தைக்கு ஆதாரத்தோடு காட்டினான். போனில் வந்ததற்கு மதிப்பு அதிகம். தகரம் அவிழ்ந்தது. ஜுலைகா அன்று முதல் பூனையைக் கலீஜ் பிடிச்சது என்று மட்டும் சொன்னாள்.

தவ்ஃபீக் இன்னொன்றும் செய்தான். விலங்குகளைக் காப்பாற்றுகிற ஓர் அமைப்புக்குப் போன் செய்து வலையோடு இரண்டு பேரை வரவழைத்தான். சந்துக்குள் ஆம்பிளைகள் வருகிறார்கள் என்று ஜுலைகா ஜன்னலைச் சாத்திவிட்டாள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் நின்று ரஹீமுன்னிசா பெட்டிகள் சரிகிற சத்தத்தையும், ‘மேல போவுது, மேல போவுது’ என்கிற கத்தலையும் கேட்டாள். பூனை கூரைக்குப் போய்விட்டது. அது கிட்டே வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ஆறு நாள் அது வரவே இல்லை.

ஏழாம் நாள் வந்தபோது நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. சதைக்குள் போயிருந்தது. கழுத்தைச் சுற்றி ஈரமாக ஒரு கோடு, அதில் ஈ. பூனை மீனை நக்கியது, கடிக்கவில்லை. ரஹீமுன்னிசா மீனை வேகவைத்துக் கூழாக்கி வைத்தாள். திட்டுக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். மணிக்கணக்காக வைத்தாள். மரத்துப் போனாலும் எடுக்கவில்லை. தொண்ணூற்று மூன்றாம் நாள், பசி பயத்தை ஜெயித்ததோ என்னவோ, அது அவள் விரலை முகர்ந்தது. பிறகு தாடையை அந்த விரலில் ஒரு தரம் தேய்த்தது.

அவள் கண்ணில் நீர் வந்தது. தொண்ணூற்று மூன்று நாளில் யாரும் அவளைத் தொட்டிருக்கவில்லை.

மறுநாள் கட்டரை எடுத்தாள். இரும்பு மின்னியதுமே பூனை பறந்தது. அவள் தன் மடத்தனத்தை நொந்துகொண்டாள். பிறகு கட்டரை மீன் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே திட்டில் போட்டு வைத்தாள். அது கிடக்கிற ஒரு பொருள் என்று பூனைக்குப் பழகட்டும். அது பழகியது. தலையைத் தடவ விட்டது, காதுக்குப் பின்னால் விட்டது. கழுத்துக்கு விரல் இறங்கினால் உறுமியது. இன்னும் நாலு நாள், இன்னும் மூன்று நாள் என்று அவள் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நூற்றிரண்டாம் நாள் காலையில் பூனை திட்டுக்கு வரவில்லை. கம்பியில் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். சந்தின் தெருமுனையில், பெட்டிகளுக்குப் பின்னால் வாலின் நுனி மட்டும் தெரிந்தது. கூப்பிட்டாள். வால் அசைந்தது, பூனை எழவில்லை. சந்துக்குள் போக அடுப்படியிலிருந்து வழியில்லை. தெருவுக்குப் போய், கடையைச் சுற்றி, பன்னிரண்டு தப்படி.

தேவகிருபை கையை நீட்டிப் பார்த்தாள். சீறிக்கொண்டு இன்னும் உள்ளே ஒடுங்கியது. வலைக்காரர்களுக்குத் தவ்ஃபீக் கடையிலிருந்தே போன் செய்தான். வண்டி நாளை மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். மூச்சு விடும்போது அதற்கு விசில் மாதிரி சத்தம் வருகிறது, நாளை மறுநாள் வரை தாங்காது என்று தேவகிருபை ஜன்னலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

ரஹீமுன்னிசா புர்காவை எடுத்து மாட்டினாள். ஜுலைகா தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், பார்த்துவிட்டுக் கதவுக்கு வந்து நின்றாள்.

“இன்னா பண்ற நீ?”

“அஞ்சு நிமிசம்கா. தோ, கட பக்கத்துல தான் கீது.”

“என் தம்பி ரூஹு மேலருந்து இத்தப் பாத்துகினு இருக்கும், ரஹீமு. இன்னும் இருவத்தெட்டு நாளு. இத்தினி நாளு இருந்துட்டு ஒரு பூனைக்காவ வுட்ருவியா?”

ரஹீமுன்னிசாவுக்குப் பயம் இருந்தது. பஷீருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். செத்தவனுக்கு இனி என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளும் துணிச்சல் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. அன்றைக்கும் முழுசாக வரவில்லை.

“சின்னதுல மதரஸாவுல சொல்லிக் குடுத்தாங்களேக்கா,” என்றாள். “பூனையக் கட்டிப் போட்டு, தீனியும் வெக்காம அவுத்தும் வுடாம சாவடிச்ச பொம்பள நரகத்துக்குப் போனான்னு. அத்த அவுக்கற கை என்னுது ஒண்ணுதான்னு தெரிஞ்சிகினு, நான் உள்ளாற குந்திகினு கீறேன். எனுக்கு இன்னா கெடைக்கும், நீங்களே சொல்லுங்க.”

ஜுலைகா வழி விடவில்லை, மறிக்கவும் இல்லை. அவள் தோளுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் ரஹீமுன்னிசா வெளியே வந்தாள்.

வெயில் கண்ணை அடித்தது. மூன்று மாதமாக ஒரு முழத்துக்கு மேல் வெளிச்சம் பார்க்காத கண். டீக்கடையில் பேச்சு நின்றது. யாரோ ‘பஷீரு ஊட்டுக்காரம்மா’ என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிகளுக்கு முன்னால் போய் ரோட்டிலேயே உட்கார்ந்தாள்.

பூனை அவளை அடையாளம் கண்டதா என்று தெரியவில்லை. கம்பிக்குப் பின்னால் இருந்த கைதான் அதற்குத் தெரியும். இந்தக் கறுப்புத் துணி தெரியாது. அவள் முகத்திரையைத் தூக்கிவிட்டாள். ஜன்னலில் செய்த எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். தலையைக் குனிந்தாள், கையைத் தரையில் வைத்தாள், அசையாமல் இருந்தாள். இத்தாவில் இருக்கிற பெண் பட்டப்பகலில் நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். ஒருத்தன் போனைத் தூக்கினான். தேவகிருபை கடையை விட்டு இறங்கி வந்து, படம் எடுக்கிறவனின் அம்மா பெயரைச் சொல்லி, அவளிடம் போய்ச் சொல்லட்டுமா என்று மெதுவாகத்தான் கேட்டாள். கூட்டம் டீக்கடை வரை பின்வாங்கியது.

முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு மீன்பாடி வண்டிக்காரர் பெல் அடிக்காமல், இறங்கித் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போனார். ரஹீமுன்னிசாவின் தொடை தார்ச்சூட்டில் வெந்தது. பூனை ஊர்ந்து வந்து விரலில் தாடையை வைத்தபோது அவள் அழவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. இடது கையால் காதுக்குப் பின்னால் தடவினாள். வலது கையில் கட்டர். சீழ் நாறியது. கழுத்தின் பக்கவாட்டில், எலும்பு மேடேறிய இடத்தில் நரம்பு அரை நூல் உயரம் வெளியே தெரிந்தது. நுனியை அங்கே விட்டாள். தையலைப் பிரிக்கிற அதே கோணம். நறுக்கினாள்.

நரம்பு தெறித்தது. அதே நொடியில் பூனை திரும்பி அவள் மணிக்கட்டில் பல்லை இறக்கியது. அவள் கையை உதறவில்லை. அறுந்த முனையைப் பிடித்து இழுத்தாள். ரோமமும் சீழுமாக முழு வளையமும் கையோடு வந்தது. பூனை அவள் மடி மேல் ஏறி மிதித்து, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மதில் மேல் ஏறிப் போய்விட்டது.

மணிக்கட்டில் நாலு ஓட்டை. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. தேவகிருபை அவளை வாசல் பைப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், வெறிநோய் வந்தால் மருந்தே கிடையாது என்றாள். ஜுலைகா மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வந்தாள். நடந்தது நடந்துபோச்சு, இனி ஒரு அடி வெளியே வைக்கக்கூடாது, ஊசி போடுகிறவரை வீட்டுக்குக் கூப்பிடலாம் என்றாள். அந்த ஊசி அப்படி வீட்டுக்கு வராது என்று தேவகிருபை கத்தினாள். ஒரு மணி நேரத்துக்குள் தவ்ஃபீக் வந்து சேர்ந்தான். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தான்.

ஹஜ்ரத் விவரத்தை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. இதைக் கேட்டுக்கொண்டு ஏன் நேரத்தைக் கடத்துகிறீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். மருந்து, மருத்துவம், தவிர்க்க முடியாத தேவை எதற்கும் இத்தாவில் தடை இல்லை என்றார்.

ஜுலைகா போனுக்குப் பக்கத்தில் வந்தாள். “இது எப்பலருந்து, ஹஜ்ரத்?”

“புதுசா ஒண்ணும் இல்லம்மா. எப்பவுமே அப்படித்தான்.”

ஜுலைகா மஞ்சள் கிண்ணத்தை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து செருப்பைப் போட்டாள். அவர்களோடு ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். நாய் கடித்தவர்கள் வரிசையிலேயே பூனை கடித்தவர்களையும் உட்கார வைத்திருந்தார்கள். தவ்ஃபீக் சீட்டு வாங்கப் போனான். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே பெஞ்சில் இரண்டு பெண்களும் உட்கார்ந்தார்கள். ஜுலைகா, கடிகாரத்தைப் பார்த்தபடியே, தன் மூத்த மகளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு காது கேட்காது என்று ரஹீமுன்னிசாவுக்குத் தெரியும். பிறவியிலேயே அப்படி என்றுதான் குடும்பத்தில் சொல்வார்கள். பிறவியில் இல்லையாம். ஜுலைகா இத்தாவில் இருந்தபோது மூன்று வயதுக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காலையிலிருந்து கதவுக்கு உள்ளேயே நின்றிருக்கிறாள். பஷீர் வேலை முடிந்து வந்து தூக்கிக்கொண்டு ஓடியபோது விளக்கு வைக்கிற நேரம். மூளைக்காய்ச்சல், முன்னாடியே கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னதாகத் தம்பி சொன்னானாம். அதை அவள் இருபத்தாறு வருஷமாக, அல்லாவுக்காகக் கொடுத்த காது என்று நினைத்து வைத்திருந்தாள்.

“நம்ம வூட்ல ஆட்டோ ஏறுனது ஒண்ணு பத்துக்கு,” என்றாள். “இங்க எறங்கறப்ப அந்தக் கெடியாரத்தப் பாத்தேன். ஒண்ணு இருவத்தொண்ணு. கொழந்தைக்குக் காச்சல் வந்தப்பயும் நான் நம்ம அதே தெருல தான் குடியிருந்தேன்.”

ரஹீமுன்னிசா கடிபடாத கையை அவள் கை மேல் வைத்தாள். ஜுலைகா கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

கடிவாயைச் சுற்றி மருந்து ஏற்றி, தோளில் ஊசி போட்டு, நர்ஸ் சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் வர வேண்டும். ஒன்றைத் தவற விட்டாலும் பிரயோஜனம் இல்லை என்று அதட்டினாள். ரஹீமுன்னிசா அந்தச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பதினாறு வருஷ வேலையில் எந்த மேஸ்திரி கொடுத்த சீட்டையும் அவள் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

அப்புறமும் வீடு அதே வீடுதான். செய்தித்தாள் ஒட்டிய ஜன்னல், போர்வை போர்த்திய டிவி. மூன்றாம் நாள் போய்த் திரும்பினாள், ஏழாம் நாள் போய்த் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் வாசலைத் தாண்டி உள்ளே வருகையில் ஒரு தரம் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். முன்னெல்லாம் வெளியே என்பது எப்படி இருக்கும் என்று மறந்து போயிருந்தது, அதனால் கொஞ்சம் தாங்க முடிந்தது. இப்போது நினைவு வந்துவிட்டது. அடுப்படித் திட்டில் தினமும் மீன் வைத்தாள். காக்கை தின்றது. பூனை செத்துப் போயிருக்கும் என்று நினைக்கிற நாளும் இருந்தது, பிழைத்திருக்கும் என்று நினைக்கிற நாளும் இருந்தது. ஜுலைகா அதைப் பற்றியோ, கேட்காத காதைப் பற்றியோ மறுபடி பேசவில்லை. ரஹீமுன்னிசாவிடம் இதைச் செய்யாதே என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

கடைசி ஊசி சரியாக நூற்று முப்பதாம் நாளில் விழுந்தது. அன்று சொந்தக்காரப் பெண்கள் வந்து அவளைக் குளிக்க வைத்து, புதுத்துணி உடுத்தி, துஆ ஓதி இத்தாவை முடித்து வைக்க வேண்டும். பதினோரு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தபோது, முடித்து வைக்கப்பட வேண்டியவள் ஊசி வரிசையில் இருந்தாள். தனியாகப் போயிருந்தாள், திரும்பும்போது ஆட்டோவும் ஏறவில்லை, நடந்தே வந்தாள்.

தெருவுக்குள் திரும்பி வீட்டை நெருங்கும்போது பார்த்தாள், எதிர்வீட்டு மதில் மேல் பூனை உட்கார்ந்திருந்தது.

கழுத்தைச் சுற்றி ரோமம் இல்லாமல் வெளிறிய ஒரு வளையம். உடம்பு தேறியிருந்தது. ரஹீமுன்னிசா நின்று, கையை மெதுவாக நீட்டினாள். பூனை அந்தக் கையைப் பார்த்தது. ஒரு காது மட்டும் திரும்பியது. அது எழுந்து வரவில்லை, ஓடவும் இல்லை. மீன் இல்லாத கை, வலிக்கச் செய்த கை, அதற்கு இவ்வளவு மரியாதை போதும். அவள் கையைத் தாழ்த்திக்கொண்டு, தேவகிருபை கடை நிழலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெயில் காலடியில் இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து, மணி என்ன ஆகிறது, வந்துவிட்டாளா பாருங்கள் என்று யாரோ ஒரு பெண் சத்தம் போட்டாள். ஜுலைகா வாசலுக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளை நேராகப் பார்த்தாள். மதில் மேல் இருந்த பூனையையும் பார்த்தாள்.

பிறகு உள்பக்கம் திரும்பி, “இன்னும் வர்லமா,” என்றாள். “ஆஸ்பத்திரில கூட்டமாம்.”